பழைய 1.6 எம்எக்ஸ்-5-க்கு எந்த எல்எஸ்டி? டார்சனா, கிளட்ச் வகையா, இருப்பதே போதுமா?

சேற்றில் மாட்டிய லாரியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கச் சக்கரம் சேற்றை வாரி இறைத்தபடி சுற்றும். கெட்டித் தரையில் நிற்கும் மறுபக்கச் சக்கரம் அசையவே அசையாது. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐக் குறுகலான மலை வளைவில் இரண்டாவது கியரில் அழுத்தி வெளியே எடுக்கும்போதும் இதுதான் நடக்கிறது. உள்பக்கப் பின் டயர் கீச்சிடும், எஞ்சின் சுற்று ஏறும், வண்டி மட்டும் முன்னே பாயாது.

எஞ்சின் விசையை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல்தான் காரணம். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் எல்எஸ்டி, அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல், வேண்டும் என்ற ஆசை வருகிறது. 1.6 வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்வி: "பழைய 1.8 வண்டியின் டார்சனைத் தேடிப் போடலாமா, புதிதாகக் கிளட்ச் வகை வாங்கலாமா?" விலைப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிட்டுப் பிறகு வருந்தியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## முதலில், உங்கள் வண்டியில் இருப்பது என்ன?

1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் கார், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், அமெரிக்காவில் மியாட்டா, ஐரோப்பாவில் எம்எக்ஸ்-5 என்று ஓடியது. ஆளுக்கொரு பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் டிஃபரன்ஷியலை இரண்டு குடும்பமாகப் பிரித்துவிடலாம்.

1.6 லிட்டர் வண்டிகளில் கிரவுன் வீல் (டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம்) 6 அங்குலம், விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்றக் கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது) 4.30. பெரும்பாலானவற்றில் திறந்த டிஃபரன்ஷியல், அதாவது எல்எஸ்டி இல்லாத சாதாரண வகை. ஜப்பானில் விற்ற பல வண்டிகளிலும், கூடுதல் பணம் கட்டி வாங்கிய சில ஏற்றுமதி வண்டிகளிலும் விஸ்கஸ் எல்எஸ்டி. 1994 மாடலாக 1.8 வந்தபோது கிரவுன் வீல் 7 அங்குலம் ஆனது, விகிதம் 4.10. விஸ்கஸை விட்டுவிட்டு டார்சனைக் கொண்டுவந்தார்கள். முதலில் டைப் 1, பிறகு டைப் 2. ஆனால் எல்லா 1.8-லும் டார்சன் கிடையாது. திறந்த டிஃபரன்ஷியலோடு வந்த 1.8-களும் ஏராளம்.

விற்பவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் திறந்த வகை, அல்லது செத்துப்போன விஸ்கஸ். ஒரே திசையில் சுற்றினால் எல்எஸ்டி உயிரோடு இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் முதலில் கேட்பது விலையை அல்ல: வளைவில் உங்கள் உள்பக்கப் பின் சக்கரம் தரையிலேயே இருக்கிறதா, காற்றில் எழும்புகிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். ஏன் என்று டார்சன் பகுதியில் சொல்கிறேன்.

இரண்டாவது, எஞ்சின் சக்தி. இன்று இருப்பது மட்டுமல்ல, இரண்டு வருடத்தில் நீங்கள் ஏற்றப்போவதும் சேர்த்து. 1.6-இன் பிறவி சக்தி ஏறத்தாழ 115 குதிரைத்திறன். வண்டி ஒரு டன்னுக்கும் குறைவு. அதற்கு 6 அங்குலக் கிரவுன் போதும். டர்போ வைத்தால் போதாது.

அப்புறம், வண்டியை எதற்கு ஓட்டுகிறீர்கள் என்பது. வேலைக்கும் கடைக்கும் போகும் வண்டியா, மாதம் ஒரு முறை டிராக்கில் விடும் வண்டியா? எவ்வளவு பராமரிப்பு செய்ய மனமிருக்கிறது? கூலியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு? கடைசியாக, வண்டியின் அசல் நிலை. நல்ல நிலையிலிருக்கும் ஆரம்பகால 1.6-கள் இன்று சேகரிப்பு வண்டிகளாகிவிட்டன; மாற்றியதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

## வழி 1: இருப்பதையே வைத்து ஓட்டுவது

இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றம். ஆனாலும் இதுவும் ஒரு தேர்வுதான், சிலருக்கு இதுவே நல்ல தேர்வு.

திறந்த டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு டார்க்கைத்தான் (சுழற்றும் விசையை) கொடுக்கும். பிடிப்பு குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குமோ, அவ்வளவுதான் மற்றதற்கும். பிடிப்பு குறைவதற்கு டிஃபரன்ஷியலைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. கெட்டிப்பட்ட பழைய டயர், வெடித்துப்போன சஸ்பென்ஷன் புஷ் (ரப்பர் இணைப்பு), வருடக்கணக்கில் பார்க்காத வீல் அலைன்மெண்ட், அளவுக்கு மீறித் தடித்த பின் ஆன்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி). இவற்றைச் சரி செய்ததுமே "எல்எஸ்டி வேண்டாம் போலிருக்கிறதே" என்று சொன்னவர்கள் உண்டு.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது. திறந்த வகையில் ஈரச் சாலையில் ஒரு சக்கரம் சுழலும்போது மற்றது பக்கவாட்டுப் பிடிப்பை விடாமல் வைத்திருக்கும். எல்எஸ்டியில் இரண்டும் சேர்ந்தே பிடிப்பை இழக்கலாம். வால் சட்டென்று வெளியே வரும். மழை அதிகமான ஊரில், பழகாத கைகளுக்கு, இது சின்ன விஷயமல்ல.

விஸ்கஸ் இருக்கும் வண்டி என்றால்? அதன் உள்ளே சிலிகான் திரவத்தில் மூழ்கிய தகடுகள் இருக்கும். இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றினால்தான் திரவம் எதிர்ப்புக் காட்டும். அதாவது, முதலில் சக்கரம் வழுக்க வேண்டும், அதன் பிறகுதான் உதவி வரும். சாலையில் இது மென்மையாக, இதமாகவே இருக்கும். ஆனால் 30 வருடத்துக்கும் மேல் ஆன திரவம் இது. பிரித்துப் புதுப்பிப்பதற்கென்று செய்த பொருளும் அல்ல. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, நியூட்ரலில் கையால் சுற்றிப் பாருங்கள். மெதுவாகச் சுற்றினால் இலேசாகவும் வேகமாகச் சுற்ற முயன்றால் கனமாகவும் இருந்தால் உயிர் இருக்கிறது. எப்படிச் சுற்றினாலும் ஒரே மாதிரி இலேசாக ஓடினால் முடிந்துவிட்டது.

இதுவே போதும்: பிறவி சக்தியில், சாலையில் மட்டும், அசல் நிலையைக் காக்க விரும்புபவர்களுக்கு.

## வழி 2: 1.8 வண்டியிலிருந்து டார்சன்

டார்சன் என்ற பெயரே "டார்க்கை உணர்வது" என்ற பொருள்தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி வைத்தது. அமெரிக்கரான வெர்னான் கிளீஸ்மன் கண்டுபிடித்தது. உள்ளே தேய்ந்து தீர்ந்துபோகும் கிளட்ச் தகடுகள் இல்லை, பல்சக்கரங்கள் மட்டும். சுமை ஏறும்போது அந்தப் பற்களும் அவற்றின் பக்கங்களும் ஒன்றோடொன்று அழுந்தி உராய்கின்றன. அந்த உராய்வுதான் டார்க்கைப் பிடிப்புள்ள பக்கம் தள்ளுகிறது. சக்கரம் வழுக்கும்வரை காத்திருக்காது. விஸ்கஸிலிருந்து மாறியவர்கள் முதல் வளைவிலேயே உணர்வது இதைத்தான்.

இனி அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். டார்சன் பெருக்கல் கணக்கில் வேலை செய்கிறது. அதன் பெருக்கம் 2.5 என்று வைத்துக்கொள்வோம். உள்பக்க டயர் 100 நியூட்டன்-மீட்டர் தாங்கினால் வெளிப்பக்கத்துக்கு 250 வரை போகும், மொத்தம் 350. திறந்த வகையில் இதே இடத்தில் மொத்தமே 200தான். எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள். ஆனால் உள்பக்கச் சக்கரம் காற்றில் எழும்பினால் அது தாங்குவது பூஜ்யம். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம். அந்த நொடியில் டார்சன் திறந்த டிஃபரன்ஷியலாகிவிடும்.

ஆகவே சஸ்பென்ஷன் பிறவி நிலையில், அல்லது அதற்கு அருகில் இருக்கும் வண்டிக்கு டார்சன் அருமை. மிகத் தடித்த பின் பாரும் கெட்டி ஸ்பிரிங்கும் போட்டு, டிராக் ஓரத்து மேட்டின் மேல் ஏறி ஓட்டுகிற வண்டிக்கு அது பாதி நேரம் கைவிடும். எழும்பும் நேரத்தில் இடது காலால் பிரேக்கை இலேசாகத் தொட்டால் எழும்பிய சக்கரத்துக்கு ஒரு சுமை கிடைத்து டார்சன் மறுபடி வேலை செய்யும். பழகியவர்கள் இப்படிச் செய்வார்கள். அதை நம்பி வண்டி கட்ட வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவுகள். பலர் தவறுவது இங்கேதான். 1.8-இன் டிஃபரன்ஷியலை மட்டும் வாங்கிவந்து 1.6-இல் மாட்டிவிட முடியாது. இணையும் ஃபிளாஞ்ச் (பூட்டும் தட்டு) வேறு என்பதால் கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டான புரொப்பலர் ஷாஃப்ட்டும் 1.8-உடையதாக வேண்டும். இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட்டுகளும் வேண்டும். ஹவுசிங் (டிஃபரன்ஷியல் அடங்கிய உறை), ஆக்ஸில்கள், புரொப்பலர் ஷாஃப்ட் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து, ஒரே செட்டாக வாங்குங்கள். தனித்தனியாகச் சேர்த்தால் பணமும் அதிகம், பொருந்தாமல் போகவும் வாய்ப்பு அதிகம்.

அடுத்தது விகிதம். 4.30 இருந்த இடத்தில் 4.10 வந்தால் ஒவ்வொரு கியரும் ஏறக்குறைய 5 சதவீதம் நீளும். நெடுஞ்சாலையில் எஞ்சின் சற்று நிதானமாகச் சுற்றும், நல்லது. ஆனால் சின்ன எஞ்சினின் துடிப்பு கொஞ்சம் மங்கும். இன்னொன்றும் உண்டு. ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுவதால் அது இனி குறைத்துக் காட்டும். உண்மையில் 100-இல் போகும்போது முள் 95 பக்கம் நிற்கும். கியர்பாக்ஸில் உள்ள சின்ன பிளாஸ்டிக் ஸ்பீடோ கியரை மாற்றித்தான் இதைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாம் தலைமுறை வண்டிகள் சிலவற்றில் 4.30 விகிதத்திலேயே டார்சன் கிடைக்கும், கிடைத்தால் விடாதீர்கள். அந்தத் தலைமுறையின் பிந்தைய வண்டிகளில் டார்சனுக்குப் பதிலாகக் கூம்பு வடிவ உராய்வு கொண்ட வேறொரு எல்எஸ்டி வந்தது. அது தேயும். வாங்குமுன் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேலை என்று பார்த்தால், கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டத்தைக் கழற்றிப் பூட்ட வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதன் உயரத்தைச் சரியாக வைக்காவிட்டால் அதிர்வு வரும். துருப்பிடித்த பின் சஸ்பென்ஷனின் நீளமான போல்ட்டுகள் புஷ்ஷோடு ஒட்டிக்கொண்டு அரை நாளைத் தின்றுவிடும். புதிய போல்ட்டுகளை முன்பே வாங்கி வைத்திருங்கள்.

இத்தனையும் சேர்த்தாலும், ஹவுசிங்கைத் திறக்காமல் முழு செட்டாக மாற்றுவதால் கிரவுனும் அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் சேரும் செட்டிங் தொழிற்சாலையில் வைத்தபடியே இருக்கும். இந்த ஒன்றுக்காகவே நான் இந்த வழியை விரும்புகிறேன். 7 அங்குலக் கிரவுனும் கனமான ஆக்ஸிலும் கூடவே வருவதால், நாளை டர்போ வைத்தாலும் அடித்தளம் தயாராக இருக்கும்.

## வழி 3: புதிய ஹெலிக்கல் எல்எஸ்டி

பிரிட்டனின் குவைஃப் செய்யும் ஏடிபி போன்றவை டார்சனின் உறவுக்காரர்கள்தான். அதே பெருக்கல் கணக்கு, அதே பலம், அதே பலவீனம். திறந்த டிஃபரன்ஷியல் உள்ள 7 அங்குல ஹவுசிங் ஏற்கெனவே கையில் இருந்து, நல்ல டார்சன் கிடைக்காதபோது இது பொருளுள்ள தேர்வு. இல்லையென்றால் அதே குணத்துக்கு அதிக விலை கொடுப்பதாகிவிடும். ஹவுசிங்கைத் திறந்து செட்டிங் போட வேண்டிய செலவும் சேரும்.

மிக மலிவான நகல்களும் விற்பனையில் உண்டு. அவற்றை வாங்கியவர்கள் பூட்டுமுன் முழுக்கப் பிரித்து, போல்ட்டுகளையும் வாஷர்களையும் தரமானதாக மாற்றிய பிறகே போடுகிறார்கள். அந்த வேலையைச் செய்யத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

## வழி 4: கிளட்ச் வகை

உராய்வை வைத்துச் சக்கரங்களை அடக்கும் யோசனை மிகப் பழையது. 1930-களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களின் பின் சக்கரங்கள் சக்தி தாங்காமல் சுழன்றபோது, ஃபெர்டினான்ட் போர்ஷே இசட்எஃப் நிறுவனத்தை நாடித் தனக்குத்தானே பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியலைச் செய்யச் சொன்னார். ஜப்பானின் ஓஎஸ் கிக்கன், காஸ், கஸ்கோ போன்ற நிறுவனங்கள் எம்எக்ஸ்-5-க்குத் தருவது தகடு அடுக்கிய கிளட்ச் வகை.

உள்ளே சாய்தளம் வெட்டிய வளையங்கள் இருக்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் அவை விரிந்து தகடுகளை நெருக்கும். இதனோடு, எப்போதும் இருக்கும் ஓர் ஆரம்ப அழுத்தமும் உண்டு. இது பெருக்கல் கணக்கு அல்ல, கூட்டல். உள்பக்கச் சக்கரம் பூஜ்யமானாலும், பூட்டும் விசை வெளிப்பக்கத்துக்குப் போய்ச்சேரும். சக்கரம் எழும்பும் வண்டிக்கு இதுதான் மருந்து.

1-வே என்றால் அழுத்தும்போது மட்டும் பூட்டும். 2-வே என்றால் காலை எடுக்கும்போதும் அதே அளவு பூட்டும். டிரிஃப்ட் ஓட்டுபவர்கள் கேட்பது இது. 1.5-வே இடைப்பட்டது, பிரேக் போட்டு வளைவில் நுழையும்போது வாலை நிலையாக வைத்திருக்கும், ஆனால் மூக்கை வெளியே தள்ளாது. சாலையும் டிராக்கும் கலந்த எம்எக்ஸ்-5-க்கு 1.5-வே, குறைந்த ஆரம்ப அழுத்தத்தோடு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த இலேசான வண்டிக்கு 2-வே போட்டால், குறுகலான வளைவில் ஸ்டியரிங் திருப்பியும் திரும்ப மறுக்கும். இந்தக் காரின் உயிரே அது திரும்பும் விதத்தில்தான் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொண்டு வேகம் எதற்கு?

மறைந்திருக்கும் செலவுகள். தகடு தேயும், ஒரு நாள் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும்; அதுவும் அந்த எல்எஸ்டி செய்தவர் சொல்லும் ஆயிலாக இருக்க வேண்டும். பார்க்கிங்கில் முழுக்கத் திருப்பி மெல்ல நகரும்போது பின்னாலிருந்து டக் டக்கென்று சத்தம் வரலாம். பழுது இல்லை, ஆனால் தினமும் கேட்க வேண்டும்.

6 அங்குலக் கிரவுனுக்கும் கிளட்ச் வகை கிடைக்கிறது, புரொப்பலர் ஷாஃப்ட்டும் மாற்ற வேண்டாம். இந்த வசதியைப் பார்த்துத்தான் பலர் மயங்குகிறார்கள். பிறவி சக்தியிலேயே ஆட்டோகிராஸ் (குறுகிய தடத்தில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) ஓட்டுபவர்களுக்குச் சரி. டர்போ கனவு இருந்தால், விலையுயர்ந்த பொருளை வலுக்குறைந்த கிரவுனுக்குள் வைக்கிறீர்கள்.

## வழி 5: வெல்ட் அடிப்பது

உள்ளே இருக்கும் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று வெல்ட் அடித்துவிட்டால் இரண்டு சக்கரமும் எப்போதும் ஒன்றாகவே சுற்றும். செலவு மிகக் குறைவு. டிரிஃப்டுக்கு மட்டுமே ஆன வண்டிக்குச் சரி. சாலை வண்டிக்கு வேண்டவே வேண்டாம்: டயர் தேயும், ஆக்ஸிலுக்குச் சுமை, ஈரத்தில் ஆபத்து, வெல்ட் விட்டுப்போனால் ஹவுசிங்குக்கே ஆபத்து.

## ஒரே பார்வையில்

| | விஸ்கஸ் (இருப்பது) | 1.8 டார்சன் செட் | புதிய ஹெலிக்கல் | கிளட்ச் 1.5-வே | வெல்ட் |
|---|---|---|---|---|---|
| சக்கரம் எழும்பினால் | கொஞ்சம் உதவும் | கைவிடும் | கைவிடும் | வேலை செய்யும் | வேலை செய்யும் |
| தினசரி ஓட்டம் | இதம் | இதம் | இதம் | சத்தம் வரலாம் | கூடாது |
| தேய்மானம் | வயதாகி மங்கும் | மிகக் குறைவு | மிகக் குறைவு | தகடு மாற்ற வேண்டும் | டயரும் ஆக்ஸிலும் |
| டர்போ சக்திக்கு | இல்லை | ஆம் | 7 அங்குலத்தில் ஆம் | 7 அங்குலத்தில் ஆம் | ஹவுசிங்கைப் பொறுத்து |
| ஹவுசிங் திறக்க வேண்டுமா | வேண்டாம் | வேண்டாம் | ஆம் | ஆம் | ஆம் |
| மொத்தச் செலவு | இல்லை | நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம் | மிகக் குறைவு |

## ஹவுசிங்கைத் திறப்பது என்றால்

வழி 3, 4-க்குப் போகிறவர்கள் இதை ஒதுக்கிவிடக் கூடாது. கிரவுனும் பினியனும் சந்திக்கும் இடத்தில் பேக்லாஷ் (பற்களுக்கிடையே விடும் இடைவெளி) ஏறக்குறைய 0.1 மி.மீ. தலைமுடியின் தடிமன் அளவு. பினியன் ஆழம், பேரிங் இறுக்கம், பற்களில் வண்ணம் பூசிப் பார்க்கும் தடம் எல்லாம் ஒத்துவர வேண்டும். டயல் கேஜ் (நுண்ணளவு காட்டும் கருவி) இல்லாமல் "கையால் ஆட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது" என்று சொல்லும் கடையில் வண்டியை விடாதீர்கள். எனக்கு ஒருமுறை அப்படி நடந்தது. 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் தொடங்கி, காலை எடுத்தால் சுருதி மாறும். திறந்து பார்த்தபோது பற்களின் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. புது எல்எஸ்டிக்குச் சேதமில்லை, கிரவுன்–பினியன் போய்விட்டது. கூலியில் மிச்சம் பிடித்ததற்கு மேல் செலவாயிற்று.

விலை கேட்கும்போது எல்எஸ்டியின் விலையோடு புதிய பேரிங், ஆயில் சீல், பினியனின் நசுங்கும் ஸ்லீவ், செட்டிங் கூலி எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த மொத்தத்தை டார்சன் செட்டின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

## நான் யாருக்கு எதைச் சொல்வேன்

சாலையில் ஓட்டி, வருடத்தில் ஓரிரு முறை டிராக்குக்குப் போகிறவரா? டார்சன் செட். நல்லதாக ஒன்று கிடைக்கும்வரை ஆறு மாதம் ஆனாலும் காத்திருங்கள். அதற்குள் புஷ்ஷையும் டயரையும் சரி செய்துவிடலாம்.

டிராக்கும் போட்டியுமே வாழ்க்கை, சக்கரம் எழும்புகிறது, ஆயில் மாற்ற அலுப்பில்லை என்றால், 7 அங்குல ஹவுசிங்கில் 1.5-வே கிளட்ச். ஆனால் முதலில் பின் பாரைக் கழற்றியோ மெலிந்ததாக மாற்றியோ ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். சக்கரம் தரைக்கு இறங்கிவிட்டால் டார்சனே போதுமானதாகிவிடலாம்.

விஸ்கஸோடு வந்த, துருவில்லாத ஜப்பானிய வண்டியா? எந்த வழி போனாலும் பழைய டிஃபரன்ஷியல், ஆக்ஸில்கள், புரொப்பலர் ஷாஃப்ட் எதையும் விற்காதீர்கள். ஆயில் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றி, எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள். நாளை வாங்குபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

பூட்டி முடித்த பிறகு ஆயில்: டார்சனுக்கு ஜிஎல்-5 தரத்தில் 75டபிள்யூ-90, 7 அங்குல ஹவுசிங்குக்கு 1 லிட்டர். 6 அங்குலத்துக்கு 0.65 லிட்டர் போதும். பழைய ஹவுசிங்கில் ஆயிலை இறக்குமுன் மேலே உள்ள ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இறுகிப்போயிருக்க, கீழே உள்ளதைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டால், வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கும்.